நாலு விரல் ஏறி இறங்கும் போர்க்

பள்ளிக்கூடம் எங்கள் ஊரிலேயே இருந்தது. அதன் வாசல் வழியாகத்தான் தினமும் சைக்கிளில் போவேன். உள்ளே போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. உள்ளே இருந்தவர்களுக்கும் என்னைக் கூப்பிடத் தோன்றவில்லை. சண்டை சச்சரவு இல்லாமல் அப்படியே பிரிந்துவிட்டோம். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை சைக்கிள் மேல் உட்கார்ந்திருப்பது.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ வயது. மாரண்டஹள்ளியைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் தக்காளி பறித்துப் போட்டால், அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் பாலக்கோடு மார்க்கெட்டில் இறக்குவது என் வேலை. டிராக்டர் வைத்துக்கொள்ளும் அளவுக்குக் காய் இல்லாதவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். பின்னால் கேரியரில் இரண்டு கூடை, முன்னால் ஹேண்டில்பாரில் ஒரு கூடை. பின்கூடைகள் சாதுவானவை. முன்கூடைதான் என் மானத்தை வாங்கும். ஜல்லி பெயர்ந்த ரோட்டில் முன்சக்கரம் குழிக்குக் குழி இடித்து இடித்து, பாலக்கோடு போய்ச் சேரும்போது அந்தக் கூடையின் அடியில் தக்காளி இருக்காது, ரசம்தான் இருக்கும். மண்டிக்காரர் உள்ளே கையை விட்டுப் பார்த்து, விரல்களை என் சட்டையில் துடைத்துவிட்டு, "தாளிச்சுக் கொண்டாந்திருந்தீன்னா சோத்துல ஊத்திக்கலாம்" என்பார்.

தக்காளியாவது பரவாயில்லை. அந்த இடி அத்தனையும் என் மணிக்கட்டு வழியாகத்தான் உள்ளே வரும். காலையில் எழுந்தால் இரண்டு கையும் மரத்துக் கிடக்கும். டீ டம்ளரைப் பிடிக்க முடியாது. திண்ணென்று பிடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பேன், டம்ளர் தரையில் கிடக்கும். கட்டுப் போடுகிறவர் ஒருவர் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வருசம் இப்படியே ஓட்டுனா, சோறு ஊட்டிவிட ஒரு ஆள் பார்த்துக்க" என்றார். நான், "பொண்ணு பார்க்கச் சொல்றீங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

எனக்கு இன்னொரு தொழிலும் உண்டு. திருவிழாக் காலத்தில் சைக்கிள் சுற்றுவேன். மைதானத்தின் நடுவில் ஒரு மூங்கில் கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, அந்தக் கம்பத்தையே சுற்றிச் சுற்றி மூன்று நாள், ஐந்து நாள் என்று தரையில் கால் வைக்காமல் ஓட்டவேண்டும். பல் விளக்குவது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் சைக்கிள் மேல்தான். தூக்கம் வந்தால் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வேன். மற்ற அவசரங்களுக்கு நாலு பேர் போர்வையைப் பிடித்து மறைப்பார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் கேட்காதீர்கள்.

மைக் பிடிப்பவன் என் கூட்டாளி. பக்கத்து வீடு, ஒரே வயது. எட்டாவது வரை படித்தவன். அதனால் வாய் அவனுடையது, உட்காரும் இடம் என்னுடையது என்று எங்களுக்குள் ஏற்பாடு. நான் சுமாராக ஓட்டினாலும் அவன் பேச்சில் பிரமாதமாக ஓட்டுவேன். யாராவது என்னைக் கிண்டல் செய்தால் அவன்தான் முதலில் சிரிப்பான். ஆனால் அவர்கள் அதிகமாகச் சிரித்தால் சட்டையைப் பிடிப்பவனும் அவன்தான்.

மாரண்டஹள்ளியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர். தமிழ் நன்றாகப் பேசுவார். பேச்சை முடித்துக்கொள்ள மட்டும் "ஆய்த்து" என்பார். முடிந்தது, கிளம்பு என்று அர்த்தம். ஒரு நாள் அவர் கடை வாசலில் நின்ற மொபெட்டை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் இரண்டு பக்கமும் குழாய்க்குள் குழாய், உள்ளே ஸ்பிரிங். குழியில் இறங்கினால் குழாய் அமுங்கி எழும்.

"அண்ணா, சைக்கிளுக்கு மட்டும் ஏன் இந்த மாதிரி போர்க் இல்ல? எங்க கையி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன்.

அடுத்த வாரமே அவர் தருமபுரியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒரு பாயிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். உடைந்த மொபெட்டுகளின் குழாய்களை வெட்டி, சைக்கிளுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு போர்க் செய்து தருவதாகப் பாய் ஒப்புக்கொண்டார். சும்மா போர்க் இல்லை. இரண்டு பக்கமும் மூன்று மூன்று ஓட்டை. மேல் ஓட்டையில் ஆணியைச் செருகினால் போர்க் கட்டை மாதிரி அசையாது. நடு ஓட்டையில் செருகினால் இரண்டு விரல் அளவுக்கு ஏறி இறங்கும். கீழ் ஓட்டையில் செருகினால் நாலு விரல். ரோட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

கடைக்காரருக்கு ஒரே ஒரு சந்தேகம். "இது எத்தினி நாளு தாங்கும்? பத்துப் பேருக்கு வித்து, பத்துப் பேரும் பல்லு ஒடஞ்சு வந்து நின்னாங்கன்னா கடைய மூடணும். நீ சுத்தற ஆளுதான? இதுல அஞ்சு நாளு சுத்து. முன்னால தக்காளிக் கூடையோட சுத்து. தாங்குச்சுன்னா உன்னையக் கடையிலயே வெச்சுக்கறேன். போர்க் மாட்டறது, பார்த்துக் குடுக்கறது எல்லாம் நீதான்."

"தாங்கலன்னா?"

"தக்காளி இருக்குதில்ல? ஆய்த்து."

கடை வேலை என்றால் நிழல். நிழல் என்றால் என் இரண்டு கையும் எனக்கே மிஞ்சும். அன்று சாயங்காலம் கூட்டாளியிடம் சொன்னபோது அவன் என்னைத் தூக்கிச் சுற்றினான். "மச்சான், நீ முதலாளி ஆயிட்டா என்னைய மறந்துடாதடா" என்றான். "உன்னையக் கூட்டறதுக்கு வெச்சுக்கறேன்" என்றேன். அவ்வளவு சிரித்தோம்.

போர்க் தயாரான அன்று எனக்கு லோடு இருந்தது. அதனால் அவன்தான் பஸ் ஏறித் தருமபுரிக்குப் போய், பாயிடமிருந்து அதை வாங்கிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். "பாய் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன். "கிரீஸ் போடச் சொன்னாரு" என்றான்.

மாரியம்மன் கோயிலுக்கு எதிரில்தான் மைதானம். பூசாரி தேங்காய் உடைத்து, போர்க்கின் இரண்டு காலுக்கும் குங்குமம் வைத்து, "வலமாச் சுத்து சாமி" என்றார். சொல்லவேண்டியதே இல்லை. கோயிலுக்கு முன்னால் யார் இடமாகச் சுற்றுவார்கள்? எங்கள் பக்கம் இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில் மட்டும்தான். நான் வலமாக ஆரம்பித்தேன்.

முதல் நாள் எனக்குச் சொர்க்கம். மைதானத்தில் வேண்டுமென்றே நாலு இடத்தில் குழி வெட்டியிருந்தார்கள். சக்கரம் குழியில் இறங்கும், என் கை இறங்காது. ஹேண்டில்பாரில் ஒரு கூடைத் தக்காளி, அப்படியே மூக்கும் முழியுமாக உட்கார்ந்திருந்தது. என் கூட்டாளி மைக்கில் பொளந்துகட்டினான்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! பாருங்க, குழியில இறங்கறாரு! தக்காளி தூங்குது!"

"நானுந்தான்டா தூங்கறேன்!" என்று நான் சைக்கிளிலிருந்து கத்துவேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அவ்வப்போது நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் ஆணியைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகுவான். "இப்ப ரெண்டு விரல்! இப்ப நாலு விரல்!" நாலு விரலுக்குத்தான் கைதட்டல் அதிகம். சைக்கிள் குதிரை மாதிரி ஆடும். அதனால் பெரும்பாலும் நாலு விரலிலேயே சுற்றினேன். இரண்டாம் நாள் காலையில் ஒரு அதிசயம் நடந்தது. டீ டம்ளரை ஒரு கையில் வாங்கினேன், அது கையிலேயே இருந்தது. அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே மூன்று சுற்று சுற்றினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் போர்க்கின் வலது காலிலிருந்து ஒரு சத்தம். டிக். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. கம்பத்தைப் பிடித்து நின்று கூட்டாளியைக் கூப்பிட்டேன்.

"டேய், உள்ள ஏதோ டிக்கு டிக்குங்குதுடா."

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழாயைத் தடவி, ஆட்டிப் பார்த்தான். கொஞ்சம் அதிக நேரம்தான் பார்த்தான். பிறகு எழுந்து, "புதுசுல அப்படித்தான் இருக்கும். கிரீஸ் போட்டாச் சரியாப் போவும். ஓட்டு ஓட்டு" என்றான். ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன், ஐந்தாறு பாட்டு ஓடி முடிந்த பிறகுதான் வந்தான்.

நாலாம் நாள் காலையில் இரண்டு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து, நான் சுற்றும் பாதையின் ஓரத்தில் பரப்பிக்கொண்டிருந்தான். "எதுக்குடா?" என்றேன். "சனங்க உக்காருவாங்கல்ல" என்றான். சனங்கள் எப்போதும் மண்ணில்தான் உட்காருவார்கள். எனக்கு அது தோன்றவில்லை. நாலு நாள் வட்டமாகச் சுற்றியவனுக்கு எதுவும் நேராகத் தோன்றாது.

அன்று சாயங்காலம் நாலு மணி இருக்கும். கடைக்காரர் வந்து கூட்டத்தின் முன்வரிசையில் கைகட்டி நின்றார். என்னைப் பார்க்க வந்திருக்கிறார் என்று மிதப்பில் ஒரு கையை விட்டு வணக்கம் வைத்தேன். குழியில் இறங்கினேன். டிக் என்று கேட்கவில்லை. மடேர் என்று கேட்டது. வலது கால் குழாய் வளைந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நான் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து, தக்காளிக் கூடை மேலேயே முகம் குப்புற விழுந்தேன். ஒரு முன்பல் போனது. கூட்டத்தில் ஒரு கிழவி, "அய்யோ, ரத்தம்!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். நான் நாக்கால் நக்கிப் பார்த்து, "இல்ல ஆயா, பழந்தான்" என்றேன். கொஞ்சம் ரத்தமும் இருந்தது. ஆனால் கூட்டம் சிரிக்கும்போது அதைச் சொல்ல மனசு வரவில்லை.

கடைக்காரர் உடைந்த குழாயை எடுத்துப் பார்த்தார். என் கூட்டாளியைப் பார்த்தார். "ஆய்த்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் வீங்கின வாயோடு படுத்திருந்தேன். மூன்றாம் நாள் போர்க்கைச் சாக்கில் கட்டி, பஸ் ஏறிப் பாயிடம் கொண்டுபோனேன். சரிசெய்து தந்தால் இன்னொரு தடவை சுற்றிக் காட்டலாம் என்று நப்பாசை. பாய் இரண்டு கால்களையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது குழாய் அவர் செய்து கொடுத்தது மாதிரியே இருந்தது. வலது குழாய் தேய்ந்து, வாய் கோணி, முட்டை மாதிரி ஆகியிருந்தது.

"எந்தப் பக்கமா சுத்துனீங்க தம்பி?"

"வலமாத்தான் பாய்."

"அஞ்சு நாளுமா?"

"நாலு நாளுதான். அதுக்குள்ள இதுவும் எறங்கிடுச்சு, நானும் எறங்கிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "நாலு விரல்ல வெச்சா உள்குழாய்க்குப் பிடிமானம் கம்மி. ஒரே பக்கமாச் சுத்துனா ஒரே கால்தான் தேயும். காலைல ஒரு பக்கம் சுத்துனா மத்தியானம் மறுபக்கம் சுத்தணும்னு உங்க ஆளுகிட்ட ரெண்டு தடவ சொன்னேனே. திருப்பிச் சொல்லுங்கன்னேன், அப்படியே ஒப்பிச்சாரே!"

"கோயிலுக்கு முன்னால இடமாச் சுத்தக்கூடாதுங்க பாய்."

"எங்க ஆளுங்க ஹஜ்ஜுக்குப் போயி அந்தப் பக்கமாத்தான் சுத்தறாங்க. யாரும் பல்லு ஒடஞ்சு வரலியே" என்றார். பிறகு என் வாயைப் பார்த்து வருத்தப்பட்டு, டீ வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்சில் என் கூட்டாளிக்கு நானே வக்கீலாக இருந்தேன். மறந்திருப்பான். சொன்னால் பூசாரி சண்டைக்கு வருவார் என்று பயந்திருப்பான். ஆனால் என்னிடம் சொல்லியிருந்தால் மைதானத்தையே மாற்றியிருப்பேனே, சந்தைக் களத்தில் போய்ச் சுற்றியிருப்பேனே என்று எதிர்க்கட்சி வக்கீலும் நானே பேசினேன். பாலக்கோடு தாண்டும்போது கேஸ் அவன் பக்கம் ஜெயித்திருந்தது. மன்னித்துவிட்டேன்.

மாரண்டஹள்ளியில் இறங்கி, பாய் சொன்னதைக் கடைக்காரரிடம் சொல்லலாம் என்று நேராகக் கடைக்குப் போனேன். உள்ளே முக்காலியில் உட்கார்ந்து ஒருவன் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான். என் கூட்டாளி. என்னைப் பார்த்ததும் சக்கரத்தை அப்படியே பிடித்துக்கொண்டான்.

"இவனைத்தான் வெச்சிருக்கறேன்" என்றார் கடைக்காரர், ரொம்ப இயல்பாக. "தப்பா நெனச்சுக்காத. மூணாம் நாளு இங்க வந்தான். நாளைக்கு நாலு மணிக்குள்ள ஒடயும், வலது கால்தான் ஒடயும்னான். போய்ப் பார்த்தேன். நாலு மணி, வலது கால். ஒரு சாமானு எப்ப ஒடயும்னு முன்னாலயே சொல்றவன்தான கடைக்கு வேணும்? நீ அது மேலயே உக்காந்திருந்த. உனக்குத் தெரியல."

"தெரிஞ்சப்பறம் ஏன் நிறுத்தலீங்க?"

"நிறுத்தியிருந்தா இவன் சொன்னது நெசமா பொய்யான்னு எப்படித் தெரியும்?"

இதற்குப் பதில் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கூட்டாளியைக் கடைக்கு வெளியே கூப்பிட்டேன். வந்தான். கையில் இன்னும் ஸ்பானர் இருந்தது.

"பாய் சொன்னத எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா ஆட்டமே நடக்காதுன்னுதான் மச்சான். மொதல்ல அவ்ளோதான் நெனச்சேன். தாங்கிடும்னு நெனச்சேன்."

"சத்தம் வந்தப்பறம்?"

அவன் தரையைப் பார்த்தான். "எப்படியும் ஒடயப் போவுது. உனக்கும் வேல கெடைக்காது. ஒருத்தனுக்காவது கெடைக்கட்டுமேன்னு..."

"நாலாம் நாளு மத்தியானம் முழுக்க நாலு விரல்லயே வெச்சிருந்த. ஆணிய ஒரு தடவகூட மாத்தல. நாலு மணிக்குள்ள ஒடயணும்னா?"

ஸ்பானரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. "வைக்கோலாவது எனக்காகத்தான போட்ட?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"மொதலாளிதான் போடச் சொன்னாரு" என்றான். பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கென்று பார்த்து உண்மையைச் சொன்னான்.

அடுத்த வாரமே நான் மறுபடியும் முன்கூடை, பின்கூடை. பாய், உள்ளே தடித்த பித்தளை வளையம் வைத்து, அடுத்த போர்க்குகளைச் செய்தார். கடையில் அவற்றைத் தொங்கவிட்டார்கள். யாராவது, "அந்த ஆளு விழுந்தானே, அதே போர்க்கா?" என்று கேட்டால், "போர்க் மேல தப்பில்லீங்க. ஒரே பக்கமாச் சுத்துனான், கிறுக்கன்" என்று என் கூட்டாளி சொல்வதாகக் காதில் விழுந்தது. ஊர் முழுக்க அதையே சொன்னது. இடமாக என்னைச் சுற்ற விட்டிருக்காத அதே ஊர்.

தக்காளி ஏற்றும் மற்றவர்கள் வாங்கும் முன் என்னிடம்தான் வருவார்கள். "நீதான நாலு நாளு சுத்துன? தாங்குமா?" என்பார்கள். தாங்காது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கடையில் ஒரு போர்க் விற்காது. முதல் ஆள் வந்து கேட்டபோது அந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. உடைந்த பல்லின் சந்து வழியாக வெளியே வரப் பார்த்தது. ஆனால் பாயின் கைவேலை நல்ல வேலை. என் மணிக்கட்டுக்குத் தெரியும். கேட்டவனுக்கும் இரண்டு மணிக்கட்டு இருந்தது.

"நல்ல போர்க்தான். ரோட்டுல நேராப் போனாத் தாங்கும். ரெண்டு விரல்ல வெச்சுக்க" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்லவன் ஆகியிருப்பேன். "என்னிக்கு ஒடயும்னு மட்டும் கடையில இருக்கறவங்கிட்டக் கேட்டுக்க. அவனுக்கு ஒரு நாளு முன்னாலயே தெரியும்" என்றேன்.

அவன் போய் அப்படியே கேட்டான். அடுத்து வந்தவனும் கேட்டான். இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பஞ்சர் ஒட்ட வருகிறவன்கூட, "இந்த டியூப் என்னிக்குப் போவும்னு சொல்லு சாமி" என்று கையை நீட்டுவானாம்.

ஒரு நாள் விடியற்காலை, தோட்டத்தில் நான் கூடை கட்டிக்கொண்டிருக்கும்போது அவன் வந்தான். ஒரு புதுப் போர்க் அவன் சைக்கிள் கேரியரில் இருந்தது.

"மச்சான், போதும்டா. சனங்க என்னைய ஜோசியக்காரன்னு கூப்பிடறாங்க."

"தப்பா ஒண்ணும் சொல்லலியே நானு."

கேரியரைத் தட்டிக் காட்டினான். "இத உனக்குத்தான் கொண்டாந்தேன். அவருக்குத் தெரியாது. நானே மாட்டித் தர்றேன். கை மரக்குதில்ல உனக்கு?"

மரத்தது. கயிற்றின் முடிச்சைக்கூட அன்று பல்லால்தான் இழுத்துக் கட்டினேன். அந்தப் போர்க்கைப் பார்த்தேன். பித்தளை வளையம் பளபளவென்று இருந்தது. வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கேட்டது.

"வேண்டான்டா" என்றேன். "நீ மாட்டுன போர்க்ல ஏறுனா, சின்னச் சத்தம் வந்தாக்கூட எறங்கி எறங்கிப் பார்ப்பேன். பாலக்கோடு போயிச் சேர மூணு நாளாவும்."

அவன் பக்கென்று சிரித்துவிட்டான். நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவன் மட்டும் சிரித்து நான் சிரிக்காமல் நின்றது, பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அவனும் அதைக் கவனித்துவிட்டான். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டான். நான் கூடையைக் கட்டி முடித்து, சைக்கிளைத் தள்ளி ஏறி, மிதித்துப் போனேன்.